ஃபுட்பால் ஆட்டக்காரர்களை எல்லாம் சவுதி தூக்கிவிடுமா, இல்லை இது செய்திக்காரர்கள் கிளப்பும் பீதியா?

கேட்டவர்: நடுநிசி ரெட்ஸ் (கோயம்புத்தூர்)

2005இல் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் ஜெயித்த இஸ்தான்புல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் மாட்டிக்கொண்டவன் நான். அன்றிலிருந்து லிவர்பூல்தான். ராத்திரி ஒன்றரை மணி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு காலை ஒன்பதுக்கு ஆபீசில் கொட்டாவி விடுகிற ஜாதி, ஆகவே கொஞ்சம் புலம்ப உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டு கேட்கிறேன்.

2023லிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஒரே கதை. ஜூன் பிறந்தால் போதும், எந்த விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தாலும் "சவுதி கிளப் வலை வீசுகிறது", "வாரச் சம்பளம் கேட்டால் தலை சுற்றும்", "48 மணி நேரத்தில் முடிவு". அந்த 48 மணி நேரம் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. சரி, எல்லாமே புரளி என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அந்த 2023இல் எங்கள் கேப்டன் ஹெண்டர்சன் போனார், ஃபபினியோ போனார், ஒப்பந்தம் முடிந்த ஃபிர்மினோவும் அங்கேதான் போனார். போதாததற்கு செப்டம்பர் 1, எங்கள் விண்டோ (ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதிக்கிற காலம்) மூடுகிற நாளில், சலாவைக் கேட்டு ஜித்தாவின் அல் இத்திஹாத் கிளப் வந்து நின்றது. எல்லாம் சேர்த்து 150 மில்லியன் பவுண்டு வரை என்றார்கள். கிளப் முடியாது என்று சொல்லிவிட்டது, ஆனால் சவுதி விண்டோ 7ஆம் தேதி வரை திறந்தே இருந்தது. அந்த ஒரு வாரம் நான் தூங்கிய லட்சணத்தை என் மனைவியிடம் கேட்க வேண்டும்.

முன்னாள் ஆட்டக்காரரும் டிவி விமர்சகருமான கேரி நெவில் 2023 ஜூனிலேயே, சவுதிக்கு ஆள் விற்பதை இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உடனே நிறுத்தி வைக்க வேண்டும் என்றார். அதே மாதம் ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யூஇஎஃப்ஏவின் தலைவர் செஃபெரின், சீனா செய்த அதே தப்பைத்தான் இவர்களும் செய்கிறார்கள், வயதானவர்களை வாங்கிப் போடுகிறார்கள் என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். இரண்டில் எது சரி?

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. 2025இல் எங்கள் டிஃபெண்டர் டிரென்ட்டை ரியல் மாட்ரிட் கிட்டத்தட்ட இலவசமாகக் கொண்டுபோனபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. சவுதி என்ற பெயரைக் கேட்டால் மட்டும் வயிற்றைப் பிசைகிறது. ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படித்தானா?

———

ஐண்ட்ஹோவன் தமிழன்:

நண்பரே, கோபப்படாமல் படியுங்கள். நான் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து 7 வருடம் ஆகிறது. வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து சீட் டச்சுக்காரர் ஒருவர் பிலிப்ஸ் ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார், அப்புறம் இந்த ஊர் கிளப்பான பிஎஸ்வி ரத்தத்தில் ஏறிவிட்டது. நீங்கள் அந்த ஒரு வாரம் தூங்கவில்லை என்கிறீர்களே, இங்கே உள்ளவர்களுக்கு வருடத்தில் இரண்டு விண்டோவும் அப்படித்தான்.

கக்போவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பிறந்த பையன், சின்ன வயதிலிருந்து பிஎஸ்வி அகாடமி. 2022 உலகக் கோப்பையில் குரூப் ஆட்டம் மூன்றிலும் கோல் போட்டார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் செய்தி வருகிறது, லிவர்பூல் வாங்கிவிட்டது என்று. சீசன் பாதியில்! அதே ஜனவரியில் மதுவேகேயை செல்சி கொண்டுபோனது. ஆக இரண்டு விங்கும் காலி. அந்த வருடம் நாங்கள் இரண்டாம் இடம், ஃபெயனூர்டு சாம்பியன். உங்கள் ஊர் ஊடகத்தில் இதைப் பற்றி "ஆபத்து", "சூறையாடல்" என்று ஒரு வரி வந்ததா? "லிவர்பூலின் சாமர்த்தியமான பேரம்" என்கிற தொனியில்தான் எல்லாம் வந்தது.

2025 கோடை இன்னும் வேடிக்கை. ரியாத்திலிருந்து அல் ஹிலால் வந்து உங்கள் நூன்யஸைக் கொண்டுபோனது. நீங்கள் 100 மில்லியன் பவுண்டு ரொக்கம், அதற்கு மேல் போனஸ் என்று ஜெர்மனியின் லெவர்கூசன் கிளப்பிடமிருந்து விர்ட்ஸைத் தூக்கினீர்கள், கூடவே ஃப்ரிம்போங்கையும். இடம் காலியான லெவர்கூசன் எங்களிடம் வந்து டில்மனைத் தூக்கியது. நாங்கள் சும்மா இருந்தோமா? ஏஸெட் அல்க்மாருக்குப் போய் ரூபன் வான் பொம்மலை வாங்கினோம். அல்க்மார் எந்தச் சின்ன கிளப்பின் கதவைத் தட்டியதோ. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் குளத்தில்தான் எல்லோரும் இருக்கிறோம். உங்களுக்கு மேலே இன்னொரு மீன் வந்ததும் குளமே நாறுகிறது என்றால் எப்படி?

இசாக்கை மறந்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்பின் பெரும்பங்கு 2021லிருந்து, பெரிய சவுதி கிளப்புகளில் காசு போட்ட அதே சவுதி அரசு நிதியின் கையில்தான் இருக்கிறது. அவர்களிடமிருந்து ஆட மறுத்து உட்கார்ந்த அந்த இசாக்கை 125 மில்லியன் பவுண்டு கொடுத்துக் கொண்டுவந்தது யார்?

நான் பிஎஸ்வியைப் பாவம் என்று சொல்ல வரவில்லை. விற்ற காசில் அணி கட்டி 2024, 2025 இரண்டு வருடமும் லீக் ஜெயித்தார்கள். வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு விற்பனையிலும் 5 சதவீதம், அந்தப் பையனை 12 வயதிலிருந்து 23 வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது, அதில் பிழைக்கிற குட்டி கிளப்புகள் ஏராளம். ஆனால் இங்கே ஸ்டேடியத்தில் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன்: நன்றாக ஆடுகிற பையனின் பெயர் போட்ட சட்டையைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரமாட்டார்கள். வெறும் எண் மட்டும் போட்ட சட்டையை வாங்குவார்கள். பெயர் அடுத்த கோடையில் இருக்காது என்று தெரியும்.

———

குழாயடிச் சண்டை:

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். லண்டன் வாங்கினால் "டிரான்ஸ்ஃபர்", ரியாத் வாங்கினால் "கடத்தல்". கிளம்புகிறேன்.

———

ஜித்தா சாமி:

இந்தப் பேச்சில் எப்போதும் ஒரு ஆள் குறைவார், அது சவுதி ரசிகன். அவன் சார்பாக நான் பேசிக்கொள்கிறேன், 11 வருடம் ஜித்தாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்த தகுதியில்.

முதல் விஷயம், இங்கே ஃபுட்பால் 2023இல் முளைத்தது அல்ல. இத்திஹாத் 1927இல் ஆரம்பித்த கிளப், அல் அஹ்லி 1937. மஞ்சள் கறுப்பா, பச்சை வெள்ளையா என்று ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத கதையெல்லாம் உண்டு. இத்திஹாத் 2004, 2005 என்று அடுத்தடுத்து ஆசிய சாம்பியன். அதில் 2004 இறுதி கதையைக் கேளுங்கள்: சொந்த மண்ணில் முதல் ஆட்டத்தில் கொரிய அணி சியோங்னமிடம் 1-3 என்று தோற்றுவிட்டு, அங்கே போய் 5-0 என்று அடித்து வந்தார்கள். என் கிடங்கு சூப்பர்வைசர் இன்றைக்கும் அந்த ஐந்து கோலையும் வரிசையாகச் சொல்வார். உங்கள் இஸ்தான்புல் ராத்திரி மாதிரி அவருக்கு அது.

இரண்டாவது, காசு வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். 2022–23 சீசனில் இத்திஹாத் லீக் சாம்பியன். பென்சிமா, கான்டே, ஃபபினியோ யாரும் அப்போது இல்லை. அந்தக் கோடையில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். அடுத்த சீசன்? ஐந்தாம் இடம்! ஸ்டேடியத்திலிருந்து வெளியே வருகிற சனம் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது, எழுதினால் என் கணக்கை முடக்கிவிடுவார்கள். 2024–25இல்தான் மறுபடி கப் வந்தது.

அல் அஹ்லி கதை வேறு. 2022இல் அந்தக் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பெரிய மனிதர்கள் அழுததை அன்று பார்த்தேன். ஒரே வருடத்தில் மேலே வந்தார்கள், பிறகு மஹ்ரெஸ், மெண்டி, ஃபிர்மினோ எல்லாம் வந்தார்கள், 2025 மே மாதம் இதே ஊரில் ஜப்பானின் கவாசாக்கி அணியை 2-0 என்று வென்று ஆசிய கிளப் கோப்பையைத் தூக்கினார்கள். அன்று ராத்திரி கடற்கரை ரோட்டில் வண்டி நகரவில்லை, ஹாரன் சத்தத்தில் காது போயிற்று. அந்த சந்தோஷம் காசு கொடுத்து வாங்கியது என்று நீங்கள் சொல்லலாம். அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

எல்லாம் பளபளப்பு என்றும் சொல்லமாட்டேன். ஜித்தா, ரியாத் பெரிய கிளப்புகளுக்குத்தான் கூட்டம். சின்ன கிளப்புகளின் ஆட்டத்துக்கு ஆயிரம் பேர்கூட வராத நாட்கள் உண்டு, உங்கள் ஹெண்டர்சன் தம்மாம் ஊர் கிளப்பில் ஆறு மாதம் இருந்து அதையும் பார்த்துவிட்டுத்தான் நெதர்லாந்தின் அயாக்ஸுக்கு ஓடினார். இன்னொரு வருத்தம் இங்கே டீ குடிக்கிற இடத்தில் நான் அடிக்கடி கேட்பது: 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 2-1 என்று சாய்த்த அணியில் 26 பேரும் உள்ளூர் லீகில் ஆடியவர்கள். இப்போது ஒரு கிளப்புக்கு 10 வெளிநாட்டவர் வரை வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் நம் பையன் எங்கே ஆடுவான்? மன்சினி தேசிய அணிக்குக் கோச்சாக இருந்தபோது இதையேதான் சொல்லிப் புலம்பினார். ஆக ஐரோப்பா ரசிகன் "எங்கள் ஆளைத் தூக்குகிறார்கள்" என்று அழுகிறான், இங்கே உள்ளவன் "எங்கள் ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்" என்று அழுகிறான்.

———

பழைய பேப்பர்:

நெவில் 2023இல் பேசிய மாதிரியே 1950இலும் இங்கிலாந்தில் பேசினார்கள் என்பதை யாராவது சொல்ல வேண்டுமே.

அப்போது பணக்கார லீக் கொலம்பியா. நம்பமாட்டீர்கள். அவர்களுடைய லீக் ஃபிஃபாவுக்கு வெளியே போய்விட்டது, அதனால் யாருக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை கட்ட வேண்டியதில்லை, ஆட்டக்காரனுக்கு நேராகக் காசைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகலாம். அர்ஜென்டினாவில் ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்காக ஸ்ட்ரைக் செய்துகொண்டிருந்த நேரம் பார்த்து, 1949இல் ரிவர் பிளேட்டிலிருந்து டி ஸ்டெஃபானோவை கொலம்பியாவின் மில்லோனாரியோஸ் கிளப் அள்ளிக்கொண்டது. ரிவருக்கு ஒரு பைசா கிடையாது. சவுதிக்காரர்களாவது செக் எழுதித் தருகிறார்கள்!

மறுவருடம் இங்கிலாந்துக்கு வந்தார்கள். ஸ்டோக் சிட்டியின் நீல் ஃபிராங்க்ளின், இங்கிலாந்து அணியின் சென்டர் ஹாஃப் (நடுத் தடுப்பாளர்), வரிசையாக 27 சர்வதேச ஆட்டம் ஆடியவர், கூட ஜார்ஜ் மவுண்ட்ஃபோர்டு, மான்செஸ்டர் யுனைடெட்டின் சார்லி மிட்டன், எல்லோரும் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவுக்கு விமானம் ஏறினார்கள். பத்திரிகைகள் வைத்த பெயர் "பொகோட்டா கொள்ளைக்காரர்கள்". துரோகி, பேராசைக்காரன், எல்லா வசையும் விழுந்தது. ஃபிராங்க்ளின் இல்லாமல் பிரேசில் உலகக் கோப்பைக்குப் போன இங்கிலாந்து, பெலோ ஹோரிசோன்ச்சியில் அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்றது, அதுவும் அவர் தலையிலேயே விடிந்தது.

ஆனால் யாரும் பெரிதாக எழுதாத விஷயம் ஒன்று உண்டு: அன்றைக்கு இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனுக்கும் வாரம் 12 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். பல ஆயிரம் பேர் டிக்கெட் எடுத்து உள்ளே வருகிறார்கள், நடுவில் ஓடுகிறவனுக்குப் பன்னிரண்டு பவுண்டு. அவன் போகாமல் என்ன செய்வான்? ஃபிராங்க்ளின் சில மாதத்திலேயே திரும்பி வந்தார், தடை விழுந்தது, ஸ்டோக் அவரை ஹல் சிட்டிக்குத் தள்ளிவிட்டது, இங்கிலாந்துச் சட்டையை அவர் மறுபடி போடவே இல்லை. மிட்டன் ஒரு சீசன் ஆடிவிட்டு வந்து அபராதம் கட்டி, தடையை அனுபவித்து, ஃபுல்ஹாமுக்குப் போனார். அந்த உச்சவரம்பை எடுக்க 1961 ஆயிற்று.

அப்போது எழுதிய தலையங்கங்களில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் இன்றைக்கும் ஓடும். கொலம்பியா கூத்து சில வருடத்தில் அடங்கியது, 1951இல் லிமாவில் உட்கார்ந்து பேசி, 1954க்குள் எல்லோரையும் திருப்பி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள். டி ஸ்டெஃபானோ அதற்குள் ரியல் மாட்ரிட் போய்ச் சேர்ந்துவிட்டார், அங்கே அவர் ஜாம்பவான் ஆன கதை உங்களுக்குத் தெரியும்.

———

நடுநிசி ரெட்ஸ்:

அடி பலமாகத்தான் விழுந்திருக்கிறது. ஐண்ட்ஹோவன் அண்ணா, கக்போ வந்த அன்று நான் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவன், உங்கள் ஊரில் ஒருத்தன் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்திருப்பான் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. பிஎஸ்வியிலிருந்து ஒருவர் லிவர்பூல் போனால் இன்னும் பெரிய ஆட்டத்துக்குப் போகிறார், நாம் டிவியில் பார்த்து "நம்ம பையன்" என்று சொல்லிக்கொள்ளலாம். 26 வயது ரூபன் நெவஸ் இங்கிலாந்தின் வுல்வ்ஸ் கிளப்பிலிருந்து ரியாத்தின் அல் ஹிலாலுக்குப் போனபோது அப்படித் தோன்றவில்லையே, ஆள் காணாமல் போன மாதிரி அல்லவா இருந்தது? ஹெண்டர்சன் விஷயத்தில் கோபம் காசுக்காக மட்டும் இல்லை. தன்பாலின ரசிகர்களுக்காகப் பேசிய மனிதர், அது குற்றமாக இருக்கிற நாட்டுக்குப் போனார். லண்டன் வெம்ப்லி ஸ்டேடியத்தில் இங்கிலாந்து ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அனுப்பினார்கள். அதை மாமியார்–மருமகள் பழமொழியில் அடக்க முடியாது என்று நினைக்கிறேன்.

———

கணக்கு வாத்தியார்:

கடைசிக் கருத்து நியாயம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "காணாமல் போன" நெவஸின் அணிதான் 2025 கிளப் உலகக் கோப்பையில் மான்செஸ்டர் சிட்டியை 4-3 என்று வீட்டுக்கு அனுப்பியது, அதையும் பார்த்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது செய்திக்காரர்களைப் பற்றி. 2016 பிப்ரவரியில் அப்போதைய ஆர்சனல் கோச் வெங்கர், சீனாவிடம் ஐரோப்பிய லீகையே அங்கே நகர்த்துகிற அளவு காசு இருக்கிறது, பிரீமியர் லீக் கவலைப்பட வேண்டும் என்றார். அந்த வாரங்களில் வந்த செய்திகளைப் படித்தவன் ஆர்சனல் அடுத்த வருடம் குவாங்சோவில் ஆடும் என்றே நம்பியிருப்பான். நடந்தது என்ன? 2017இல் சீன அரசே, நஷ்டத்தில் ஓடும் கிளப் வெளிநாட்டவரைப் பெரிய தொகைக்கு வாங்கினால் அதே அளவு தொகையை இளையோர் வளர்ச்சி நிதிக்குக் கட்டு என்றது. ஜியாங்சு கிளப் 2020 நவம்பரில் சீன லீக் சாம்பியன், 2021 பிப்ரவரியில் கடையை மூடிவிட்டது. எட்டு முறை சாம்பியனான குவாங்சோவே 2025 ஜனவரியில் கலைந்துவிட்டது. பீதியைக் கிளப்பியவர்கள் யாரும் திரும்பி வந்து "தப்பாகச் சொல்லிவிட்டோம்" என்று எழுதவில்லை.

சவுதி அப்படியே சீனா மாதிரி போகும் என்று சொல்லமாட்டேன், அங்கே ரியல் எஸ்டேட் கம்பெனிகள், இங்கே அரசின் கஜானா. ஆனால் தலைப்புச் செய்தியையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எம்பாப்பேவுக்கு 300 மில்லியன் யூரோ என்றார்கள், அவர் பேச்சுவார்த்தைக்கே உட்காரவில்லை. நெய்மாருக்கு 90 மில்லியன் கொடுத்தார்கள், முழங்கால் போய், ஆடியது ஏழே ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டின் புருனோ ஃபெர்னாண்டஸ் 2025இல் வேண்டாம் என்றுவிட்டார். 21 வயதில் போன காப்ரி வெய்கா இரண்டு வருடத்தில் ஐரோப்பாவுக்கே, போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்புக்குத் திரும்பினார். உங்கள் சலா போகிறார் போகிறார் என்று ஒன்றரை வருடம் எழுதினார்கள், 2025 ஏப்ரலில் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்றரை வருடமும் யாருக்கு லாபம்? சம்பளம் பேசுகிற மேஜையில் "அங்கே கூப்பிடுகிறார்கள்" என்று ஒரு வார்த்தை போட்டால் எடை கூடும். கல்யாணச் சந்தையில் "பையனுக்கு அமெரிக்காவிலிருந்து ஜாதகம் வந்திருக்கிறது" என்று சொல்வார்களே, அது மாதிரி. செய்தித் தளத்துக்கு கிளிக், ஏஜென்டுக்கு எடை, தூக்கம் போவது உங்களுக்கு.

———

வியாசை லெஃப்ட் விங்:

எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். நான் வியாசர்பாடி. எங்கள் தெருவில் பையன்கள் நடக்கும் முன்னே பந்தை உதைப்பார்கள், சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். எங்கள் அண்ணன்மார் மெட்ராஸ் லீகில் ஆடியபோது அவர்களைப் பார்க்க வந்த கூட்டம் எங்கே போயிற்று தெரியுமா? சோபாவில் உட்கார்ந்து பிரீமியர் லீக் பார்க்கப் போயிற்று. ஆட்டக்காரனைத்தான் பணக்கார லீக் தூக்கும் என்று யார் சொன்னது? ரசிகனையும் தூக்கியது, டிரான்ஸ்ஃபர் தொகைகூடக் கட்டவில்லை. ரெட்ஸ் தம்பி, உங்களைச் சொல்லவில்லை. எனக்கும் செல்சி சட்டை இருக்கிறது.

———

நடுநிசி ரெட்ஸ்:

அண்ணே, இதற்கு என்னிடம் பதில் இல்லை. கோவை நேரு ஸ்டேடியத்துக்குள் போய்ப் பல வருடம் ஆகிறது, அதுவும் மழைக்கு ஒதுங்கப் போனது.

———

ஜித்தா சாமி:

தம்பி, சலா என்றைக்காவது இத்திஹாத் பக்கம் வந்தால் சொல்லுங்கள், டிக்கெட் என் பொறுப்பு. மஞ்சள் சட்டை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

———

ஐண்ட்ஹோவன் தமிழன்:

பின்னால் எண் மட்டும் போடச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.